திருப்பாத சீட்டு

அரங்கை ஆளும் அமைதியோடு நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கைவிரலில் காற்றைக்கூடக் கட்டிப்போடும் மூத்த வித்தைக்காரர்களே, பிள்ளைகளை மடியிலும் பைகளைத் தோளிலும் சுமந்தபடி எனக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து "இவர் எப்போது முடிப்பார்" என்று கடிகாரம் பார்க்கும் நண்பர்களே, உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

இந்தக் கைவித்தைக் கலைஞர் மன்றத்துக்கு இன்று வயது இருபத்தைந்து. வெள்ளி விழாவில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'எளிய சீட்டு வித்தையும் எடுத்துரைக்கும் அழகும்'. கொடுத்தவர்களுக்குத் தெரியும், எனக்கு வித்தை தெரியாது. சீட்டுக்கட்டை என் கையில் கொடுத்தால் பாதி தரையில் இருக்கும். ஆனால் பேசத் தெரியும். முப்பது வருடமாகப் பழைய சாமான் ஏலக்கூடத்தில் ஏலம் கூவிப் பிழைத்தவன் நான். கால் ஆடுகிற நாற்காலியைக் காட்டி, "இது எத்தனை பேருடைய கவலையைத் தாங்கிய நாற்காலி தெரியுமா?" என்று கேட்டால் போதும், அதுவரை கொட்டாவி விட்டவர் கையைத் தூக்கிவிடுவார். நாற்காலி மாறியதா? இல்லை. கால் நின்றதா? இல்லை. மாறியது பார்க்கிற கண். அந்தக் கண்ணை மாற்றுகிற வேலையைத்தான் வாயால் செய்துகொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான் அது.

ஏனென்றால் இன்று நான் பேச வந்திருப்பது உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு மனிதனைப் பற்றி. இந்த மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே அவனைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்வீர்களே, "மேடையில் சீட்டைத் தொலைத்த முணுமுணுப்பு" என்று, அவனைப் பற்றி. ஆமாம், முன்வரிசையில் இரண்டு பேர் தலை குனிவது தெரிகிறது. குனிய வேண்டாம். பதினோரு வருடமாக அந்த நகைச்சுவையைக் கேட்டு நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தவன்தான். முணுமுணுப்பு என்று நீங்கள் அழைக்கும் அந்த மனிதன் என் தம்பி. என் கூடப் பிறந்த ஒரே தம்பி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நடுவே, நின்றுபோன கூண்டின் கூரைமேல் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியையும் கப்பியையும் தடவிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிறவன். நாளெல்லாம் வாயில் டார்ச்சைக் கடித்துக் கடித்தே அவனுக்குப் பேச்சு வராமல் போய்விட்டது என்று நான் கேலி செய்வேன். அவன் சிரிப்பான். பதில் சொல்ல மாட்டான். ஆனால் அந்தக் கை இருக்கிறதே! க்ரீஸ் கறை போகாத அந்தக் கையில் சீட்டுக்கட்டு வந்து விழுந்தால், ஐம்பத்திரண்டு சீட்டும் அவன் சொன்னபடி கேட்கும். மூத்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள், அப்படி ஒரு கையை இந்த மன்றம் அதற்குமுன் பார்த்ததுண்டா? இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். நன்றி.

கை இருந்தது, வாய் இல்லை. ஒருவர் சீட்டு எடுப்பார், பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். கட்டை வெட்டி அடுக்குவார். தம்பி தன் செருப்பைப் பார்த்தபடி ஒரு சீட்டை நீட்டி, "ம்... இதுதானே" என்பான். அதுதான். சரியாக அதே சீட்டு. எடுத்தவர் "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கட்டையே காணாமல் போகச் செய்கிறவனுக்கு ஒற்றைக் கைதட்டு கிடைக்காது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. என் வாயை அவனுக்குக் கடன் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

முதலில் ஒரு திருடன் போலீஸ் கதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். ஆசிரியர்கள் கூடிய அரங்கில் அவன் அதைச் சொன்ன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஒரு திருடன்" என்றான். நீண்ட மௌனம். "ஒரு போலீஸ்" என்றான். அதைவிட நீண்ட மௌனம். பிறகு, "இதுதானே உங்க சீட்டு" என்றான். இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது.

ஆம், சிரிப்பு வரும் கதைதான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

தம்பிக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டு வயது. மூன்று நாள் காய்ச்சல். முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் அழைத்து வந்தார்கள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தார்கள். இதற்குமேல் எனக்கு வார்த்தை இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண்ணாமூச்சி என்றால் உயிர். வேலை முடிந்து அப்பா கதவைத் தட்டும்போதே ஓடிப்போய் பீரோவுக்குப் பின்னாலோ துணி மூட்டைக்குள்ளோ ஒளிந்துகொள்வாள். ஒளிந்த இடத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு வாக்கியம் சொல்வாள். தினமும் அதே வாக்கியம். ஒளிந்திருக்கிற பிள்ளை பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் அல்லவா? அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதைக் கேட்டு அவள் அப்பா வேண்டுமென்றே கட்டிலுக்கடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேடிக்கொண்டு நிற்பான். ஒருநாள் நான் விருந்தாளியாகப் போயிருந்தபோது அந்த வாக்கியத்தைக் கேட்டேன். ஏலக்காரனின் காது பொல்லாத காது. எது விலைபோகும் என்று அதற்கு உடனே தெரிந்துவிடும்.

என்ன வாக்கியம் என்று அங்கிருந்து ஒருவர் கேட்கிறார். சொல்ல மாட்டேன் ஐயா. ஏன் சொல்ல மாட்டேன் என்பதுதான் இன்றைய பேச்சே.

பிள்ளை போய் ஒன்றரை வருடம் கழித்து, தம்பிக்கு நான் ஒரு புதுக் கதை எழுதினேன். மிக எளிய வித்தைக்கான கதை. கட்டின் அடிச்சீட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது, பார்வையாளர் எடுத்த சீட்டின்மேல் அது போய் உட்காரும்படி கட்டை வெட்ட வைப்பது. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தால், அந்த அடையாளச் சீட்டு வந்ததும் அடுத்தது எதுவென்று... பொறுங்கள், பொறுங்கள். ரகசியத்தை உடைக்காதே என்று தலைவர் கையைக் காட்டுகிறார். தலைவர் அவர்களே, இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் செய்கிற வித்தை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இந்த வித்தையில் பூட்டி வைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை, நான் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் வைக்கும்வரை.

கதை இதுதான். ஓர் அப்பா. ஒரே மகள். திருவிழா இல்லை, கடைத்தெரு இல்லை, வெறும் கூட்டம். கூட்டத்தில் கை நழுவிவிட்டது. நீங்கள் எடுத்த சீட்டுதான் மகள். அவளை ஐம்பத்தோரு பேர் நடுவே விட்டுவிட்டோம். இப்போது அப்பா தேடுகிறான். ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்க்கிறான். இவள் இல்லை. இவள் இல்லை. இவளும் இல்லை. பிறகு ஒரு சீட்டின் முதுகில் கை வைத்து நிற்கிறான். அந்த இடத்தில், அந்தப் பிள்ளையின் வாக்கியத்தை, அவள் சொன்னபடியே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும்.

தாளைப் படித்ததும் தம்பி மடித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தான். "அண்ணா, இது வேணாம்" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். நான் என்ன செய்தேன்? ஒரு மணி நேரம் பேசினேன். பெயரைச் சொல்லப் போவதில்லையே என்றேன். யாருக்கும் தெரியப் போவதில்லை என்றேன். துக்கத்தை உள்ளேயே வைத்திருந்தால் உடம்பு கெட்டுவிடும் என்றேன். அவள் உன் கலையில் வாழ்வாள் என்றுகூடச் சொன்னேன். பேசத் தெரியாத ஒருவனிடம் பேசத் தெரிந்த ஒருவன் வாதாடுவதற்குப் பெயர் வாதமா? அது அடிதடி. ஒருவனுக்குக் கை கட்டியிருக்கும்போது நடக்கிற அடிதடி. அவன் தாளை வாங்கிக்கொண்டான்.

முதல் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். திருடன் போலீஸ் கதையை இரண்டு வார்த்தையில் முடித்தவன், இந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. செருப்பைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான், உண்மையாகவே தேடுகிறவன் பார்ப்பதுபோல முகம் முகமாகப் பார்த்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னான். சீட்டைத் திருப்பினான். அரங்கம் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதே வித்தை! அதே கை! அதே கட்டு! நேற்றுவரை டீ குடிக்கப் போனவர்களை இன்று எழ விடாமல் கட்டிப்போட்டது எது? நான் எழுதியது. என் நெஞ்சு நிமிர்ந்தது. ஓரத்தில் நின்று பின்னணி இசையை இயக்கிக்கொண்டிருந்தவன் நான்தான். எந்த நொடியில் இசையை நிறுத்துவது என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக எப்போதும் இஸ்பேடு எட்டையே அடையாளச் சீட்டாக வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் ஏற்பாடு. இஸ்பேடு எட்டு வந்தால் இசை நிற்கும். அடுத்த சீட்டு மகள். இந்த ஏற்பாடு எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஊர் ஊராக அழைத்தார்கள். பத்து மேடை, இருபது மேடை, முப்பது மேடை. இறங்கும்போதெல்லாம் தம்பி கை கழுவப் போவான். ரொம்ப நேரம் கழுவுவான். க்ரீஸ் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

அவன் மனைவி சீருடை தைக்கிற கூடத்தில் காலர் வைக்கிற பிரிவில் வேலை செய்கிறவள். மகள் போனபிறகு கூட்டம் கூடும் எந்த இடத்துக்கும் போகாதவள். கணவன் மேடையில் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. பக்கத்துத் தையல் மெஷின் தோழி ஒருத்தி, "உன் வீட்டுக்காரரைப் பார்த்து எங்க அக்கா அப்படி அழுதாளாம், நீ பார்த்ததே இல்லையா?" என்று கேட்டு, பிடிவாதமாக ஒருநாள் அழைத்து வந்துவிட்டாள். நல்ல மனசோடுதான் அழைத்து வந்தாள். அது முப்பத்தோராவது மேடை.

நிகழ்ச்சி முடிந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். அங்கே அவள் நின்றிருந்தாள். அழவில்லை. அரங்கத்துக்குள் இன்னும் கைதட்டல் ஓயவில்லை, சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் கேட்டாள்:

"மாமா, இவ்வளவு பேர் தட்டுறாங்களே, யாருக்குத் தட்டுறாங்க? என் பொண்ணுக்கா, உங்களுக்கா?"

ஆயிரம் மேடை கண்ட வாய் இது. ஏலக்கூடத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொன்ன வாய். அன்று ஒரு பதில் வந்ததா? வரவில்லை. அவளே தொடர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அவ துணியெல்லாம் கொடுத்துட்டோம். பள்ளிக்கூடப் பையைக் கொடுத்துட்டோம். அந்த ஒரு பேச்சுதான் எங்க வீட்டுல மிச்சம் இருந்துச்சு. அதையும் வெளியில கொண்டு வந்துட்டீங்க."

அன்றிலிருந்து ஒன்பது நாள் அவள் கணவனோடு பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், வேலைக்குப் போனாள். பேசவில்லை. இது தம்பி சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல, பின்னால் அவளே சொன்னது; அவன் எதைச் சொன்னான்? தன் வீடு தன் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவன் கட்டையே தொடாமல் உட்கார்ந்திருந்ததில் தெரிந்தது. பத்தாம் நாள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழா. முன்பே ஒப்புக்கொண்டது. ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணா, செய்கிறேன் என்றான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆமாம் தாய்மார்களே, மகிழ்ச்சி. அந்த அரங்கில் எழுநூறு இருக்கை.

அந்த நாள்தான் உங்கள் நகைச்சுவையின் நாள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் மேடைக்கு வந்தார். கலகலப்பான மனிதர். சீட்டு எடுத்தார், கூட்டத்துக்குக் காட்டினார், திரும்ப வைத்தார், கட்டை வெட்டினார். தம்பி கதையைத் தொடங்கினான். ஓர் அப்பா, ஒரே மகள். இசை ஓடியது. இவள் இல்லை. இவள் இல்லை. இவளும் இல்லை. இருபது சீட்டு போனது. இருபத்தொன்று போனது. இருபத்திரண்டாவது சீட்டைத் திருப்பினான். இஸ்பேடு எட்டு.

நான் இசையை நிறுத்தினேன்.

அவன் அடுத்த சீட்டின் முதுகில் கை வைத்தான். வைத்தபடி நின்றான். எழுநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. நான் ஓரத்திலிருந்து உதட்டை அசைத்து அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். என் மடமையைப் பாருங்கள், அதை அவனுக்கு நான் எடுத்துக் கொடுக்கிறேன்! அவன் என்னைப் பார்க்கவில்லை. சீட்டிலிருந்து கையை எடுத்தான். கட்டை ஒன்றாகச் சேர்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செருப்பைப் பார்த்துக்கொண்டு, பழைய முணுமுணுப்போடு, ஒலிபெருக்கியில் பாதிதான் கேட்கும்படி சொன்னான்:

"கிடைக்கலைங்க. மன்னிச்சிடுங்க."

ஓட்டுநர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டு, "அப்ப என் சீட்டு எங்கப்பா?" என்று கேட்டார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. யாரோ பின்னாலிருந்து, போலீஸில் சொல்லித் தேடச் சொல் என்றார்கள். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். அந்தச் சிரிப்பு அடுத்த மாதம் இந்த மன்றத்துக்கு வந்தது, வகுப்பறைக்குப் போனது, பதினோரு வருடம் வாழ்ந்தது. சீட்டைத் தொலைத்தவன் என்று பெயர் நின்றது.

அவையோரே, கேளுங்கள். அவன் தொலைக்கவில்லை. அந்தக் கைக்குச் சீட்டைத் தொலைக்கத் தெரியாது. அது எங்கே இருந்தது என்று அந்த அரங்கத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் மேடையில் அவமானத்தை வாங்கிக்கொண்டு நின்றான். இன்னொருவன் ஓரத்தில், கையெட்டும் தூரத்தில் ஒலிவாங்கியோடு, வாயில் ஆயிரம் வார்த்தையோடு, வாய் திறக்காமல் நின்றான். வெளியே வந்து, "இவன் தோற்கவில்லை" என்று நான் இரண்டு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமா கூடாதா? சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் என் பெயர் வரும். அதனால் சொல்லவில்லை. பதினோரு வருடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

மேடைக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு. தம்பி கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் கோபத்தோடுதான் போனேன். மறைக்க மாட்டேன்.

"ஏன்டா, எட்டு வந்துடுச்சே. அடுத்த சீட்டுதானே?"

"ஆமாண்ணா. அடுத்த சீட்டுதான்."

"திருப்பியிருக்கலாமே?"

அவன் வாரை இழுத்து மாட்டினான். பிறகு பேசினான். என் தம்பி வாழ்நாளில் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"முப்பத்தோரு தடவை திருப்பிட்டேன்ணா. ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை அவ இருப்பான்னுதான் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் சீட்டுதான் இருந்துச்சு."

அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். இன்று கிடைக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் ஒன்பது நாளுக்குப் பிறகு வாய் திறந்து, கை கழுவிக்கொண்டு வாங்க என்றாளாம். மேடைக்கு அவன் மறுபடி வரவே இல்லை. இன்றும் ஏதோ ஒரு கட்டடத்தில் கூண்டின் கூரைமேல் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருப்பான்.

கலைஞர்களே, நீங்கள் கேட்ட தலைப்புக்கு இதுதான் என் விடை. எளிய வித்தைக்கு எடுத்துரைக்கும் பேச்சு வலிமை தருமா? தரும். ஐம்பத்திரண்டு காகிதத் துண்டுகளை வைத்து எழுநூறு பேரை அழ வைக்கும். அழுதவர்கள் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஆனால் சொன்னவன்? அவன் மனைவி? கதை வேண்டுமென்றால் கட்டுங்கள், கற்பனை செய்யுங்கள், காற்றிலிருந்து எடுங்கள். உங்கள் சொந்தக் காயத்தை எடுப்பீர்களானால், அது உங்கள் விருப்பம். அடுத்தவன் வீட்டு பீரோவுக்குப் பின்னாலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். நான் எடுத்தேன். நல்ல பேச்சு என்று உலகம் பாராட்டிய என் ஒரே எழுத்து, நான் திருடியது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இதை இந்த மேடையில் பேசலாமா என்று இந்த முறை கேட்டேன். ஒரு மணி நேரம் வாதாடவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தம்பி, குறைத்துப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னான். பார்த்தீர்களா, அதைக்கூட நான் செய்யவில்லை. அவன் மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்:

"சொல்லுங்க மாமா. ஆனா முடிஞ்சதும் யாரும் கை தட்ட வேணாம்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். இதுவரை கைதட்டலுக்காகவே வாழ்ந்த ஒருவன் உங்களை வேண்டிக் கேட்கிறேன், உங்கள் கைகள் மடியிலேயே இருக்கட்டும். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கிட்டும் தடுக்காமல் விட்ட தலைவருக்கும், அழைத்த மன்றத்துக்கும் என் நன்றி. நான் இந்தப் படியில் இறங்கி அந்தக் கதவைக் கடக்கும்வரை இந்த அரங்கம் அமைதியாக இருந்தால், அந்தப் பிள்ளையின் தாய்க்கு நாம் கடைசியாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.

வணக்கம்.